மொட்டைமாடி ஒழுக்கு, சுவரில் ஓதம், கம்பித் துரு: எடவப்பாதிக்கு முன்னால் நாமே செய்ய முடியுமா?

கரைமடி:

வீடு குளச்சலுக்குப் பக்கத்தில், கடலில் இருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே. 1994-இல் கட்டியது. கான்கிரீட் நாலரை அங்குலம், அதன் மேல் சிமென்ட் பூச்சு மட்டும்தான், தட்டோடு பதிக்கவில்லை. மாடி 31 அடிக்கு 20 அடி. சுற்றிலும் 3 அடிக் கைப்பிடிச் சுவர். தண்ணீர் போக தென்மேற்கு மூலையில் ஒரே ஒரு குழாய்.

மூன்று தொந்தரவுகள். வடகிழக்குப் படுக்கை அறையின் கூரை ஓரத்தில், சுவரை ஒட்டியே, மழை பெய்தால் ஈரம் படர்கிறது. மேலே அதே பக்கத்தில் மழை விட்டு ஒரு நாள் ஆனாலும் தண்ணீர் தேங்கி நிற்கும். அடுக்களை ஜன்னலுக்கு மேலே சன்ஷேடின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிகிறது. முன்னறையில் வடக்குச் சுவர் தரையில் இருந்து 2 அடி உயரம் வரை உப்புப் பூத்து, பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. புட்டி வைத்து இரண்டு முறை பெயின்ட் அடித்தும் நிற்கவில்லை.

கேட்ட இடத்தில் எல்லாம் "மாடி முழுக்க வாட்டர் புரூஃப் கோட்டிங் அடித்துவிடலாம், எல்லாம் சரியாகும்" என்கிறார்கள். கிரைண்டர், டிரில், கரண்டி, மட்டக்கோல் எல்லாம் வீட்டிலேயே உண்டு. சனி, ஞாயிறுகளில் வேலை செய்ய முடியும். இப்போது மாசி. எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கும் முன், மே மாதக் கடைசிக்குள் முடிக்க வேண்டும். எதில் தொடங்குவது, எவ்வளவு பொருள் வாங்குவது, எதை நானே செய்யக் கூடாது என்று சொல்லுங்கள். இதற்குப் பதிலாக மேலே ஷீட் போட்டுவிடலாமா என்றும் வீட்டில் கேட்கிறார்கள்.

ரசமட்டம்:

தம்பி, இப்போதைக்கு கோட்டிங் வாளி எதுவும் வாங்காதீங்க. நீங்க சொன்னது மூன்றும் ஒரே தண்ணீர் இல்லை. கூரை ஓரத்து ஈரம் மேலே இருந்து வருது. முன்னறைச் சுவர் தரையில் இருந்து உறிஞ்சுது. சன்ஷேடில் கம்பிக்குள் உப்பு போயிருக்கு. மாடியில் என்ன அடிச்சாலும் பின்னது இரண்டும் அப்படியே இருக்கும்.

முதல் வேலை, ஒழுக்கு எந்த வழியா இறங்குதுன்னு பிடிக்கிறது. கூரை நடுவில் ஈரம் வந்தால் தட்டில், அதாவது கூரைக் கான்கிரீட்டில், வெடிப்பு. சுவரை ஒட்டி மட்டும் வந்தால் பத்துக்கு எட்டு இடத்தில் குற்றவாளி கைப்பிடிச் சுவரும் தட்டும் சேருகிற மூட்டுதான். தட்டு வெயிலில் நீளும், ராத்திரி சுருங்கும். அதன் மேல் தனியா நிற்கிற செங்கல் சுவர் அந்த அளவுக்கு அசையாது. அதனால் அந்த மூட்டில் பூச்சு தலைமுடி அளவுக்குப் பிளந்துகொண்டே இருக்கும்.

சோதனை இப்படிச் செய்யுங்க. சந்தேகப்படுகிற மூலையில் 8 அடிக்கு 8 அடி அளவில் மெலிந்த சாந்தால் 2 அங்குல உயரத்துக்கு வரம்பு கட்டுங்க. சுவர்ப் பக்கம் வரம்பை அரை அடி தள்ளியே நிறுத்துங்க. தண்ணீர் மூட்டைத் தொடவே கூடாது. உள்ளே 1 அங்குலம் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் விடுங்க. ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோதான், தட்டுக்குப் பாரம் இல்லை. கீழே கூரையில் இப்போது இருக்கிற ஈரக் கறையின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்து வையுங்க. கறை வளரவில்லை என்றால் தட்டு நல்லா இருக்கு. அடுத்து வரம்பை உடைச்சு, சுவரின் அடியில் மட்டும் தண்ணீர் நிற்கும்படி ஒரு நாள் வையுங்க. அதிலும் ஒன்றும் இல்லை என்றால் மூன்றாவதா சுவரின் தலையில் ஊற்றுங்க. மூன்றையும் ஒரே நாளில் செய்தால் எது எதுன்னு தெரியாமல் போகும்.

கூடவே மாடி முழுக்கச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்க. 'டக் டக்' என்றால் பூச்சு ஒட்டியிருக்கு. 'டொப்' என்று பொள்ளலாகக் கேட்டால் அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டம் போடுங்க. பொள்ளல் பூச்சுக்கு மேலே எந்த கோட்டிங்கும் நிற்காது. பூச்சோடு சேர்ந்தே பெயரும்.

தேங்குகிற தண்ணீருக்கு வருகிறேன். வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவு, குறைந்தது 100-க்கு 1 வேண்டும், அதாவது 10 அடிக்கு 1.2 அங்குலம். உங்க மாடியில் வடகிழக்கு மூலையில் இருந்து தென்மேற்குக் குழாய்க்குக் கோணத்தில் 37 அடி. அந்த மூலை குழாயைவிட நாலரை அங்குலம் உயர்ந்திருக்கணும். அது இருக்கவே இருக்காது. அதுக்காக மாடி முழுக்கப் புதுசா வாட்டம் போட்டுப் பூசலாம்னு யாராவது சொன்னால் கணக்குப் பாருங்க. சராசரி 2 அங்குலச் சாந்து என்றாலே ஒரு சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல். 620 சதுர அடிக்கு 6 டன். முப்பது வருஷத் தட்டின் மேல், அதுவும் கடற்கரை வீட்டில், இன்ஜினியர் பார்க்காமல் அந்தப் பாரத்தை ஏற்றக் கூடாது.

சுலபமான வழி, தண்ணீர் நிற்கிற இடத்திலேயே இன்னொரு வழி திறந்துவிடுறது. வடகிழக்கு மூலையில் கைப்பிடிச் சுவரைத் தட்டு மட்டத்தில் குடைஞ்சு 4 அங்குல பி.வி.சி. குழாயை வெளிப்பக்கம் சரிந்து நிற்கும்படி செருகுங்க. வெளியே அரை அடியாவது நீட்டி முழங்கை போட்டுத் தரை வரைக்கும் இறக்குங்க. அந்தரத்தில் விட்டால் அந்தத் தண்ணீர் சாரலோடு திரும்பச் சுவரில்தான் அடிக்கும். பி.வி.சி. வழவழப்பில் சாந்து பிடிக்காது. சுவருக்குள் போகிற பகுதியை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பி.வி.சி. பசை தடவி, காயும் முன் மணலில் உருட்டி எடுங்க. அப்புறம் சாந்து கவ்விப் பிடிக்கும். குழாய் வாய் தட்டை விட அரை அங்குலம் தாழ்ந்திருக்கணும். பல வீட்டில் இது மேலே நிற்கும், அதனால்தான் வாயைச் சுற்றி எப்பவும் ஒரு குளம்.

முடிவைச் சொல்லுங்க, மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம்.

கரைமடி:

சோதனை பார்த்தேன் அண்ணே. நடுவில் நின்ற தண்ணீருக்குக் கறை அசையவில்லை. சுவரடியில் நிறுத்திய அன்றே கறை பென்சில் கோட்டைத் தாண்டிவிட்டது. சுத்தியலுக்கு நான்கு இடத்தில் பொள்ளல், பெரியது முறம் அளவு. வடக்குக் கைப்பிடிச் சுவரின் தலையிலும் நீளவாக்கில் வெடிப்பு இருக்கிறது.

வேணாட்டு வெட்டுகல்:

அப்படியென்றால் வேலையில் முக்கால் பங்கு அந்த மூட்டில்தான். கோட்டிங் கடைசி.

மூட்டு முழுக்க, சுற்றளவு 102 அடியும், கிரைண்டரில் கல் வெட்டும் பிளேடு போட்டு இரண்டு கோடு இழுத்து, நடுவில் இருப்பதை உளியால் எடுங்கள். பள்ளம் அரை அங்குல அகலம், அரை அங்குல ஆழம். தூசி நெஞ்சுக்கு ஆகாது. துணி கட்டினால் போதாது, என்95 முகமூடியும் கண்ணாடியும் போட்டே ஆகணும். ஈரத் தரையில் கிரைண்டர் ஓட்டுவதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள லைனில் இருந்து மட்டும் கரன்ட் எடுங்கள்.

பள்ளத்தை பிரஷால் கழுவி, தண்ணீர் தேங்காத ஈரத்தில் இருக்கும்போது எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (பழைய பூச்சோடு புதுச் சாந்தை ஒட்டவைக்கும் செயற்கை ரப்பர் திரவம்) கலந்த சிமென்ட் பால் தடவவேண்டும். லேடெக்ஸ் ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, சிமென்ட் மூன்று பங்கு, தோசை மாவு பதம். பிராண்டுக்கு பிராண்டு கொஞ்சம் மாறும், டப்பாவில் போட்டிருப்பதே கணக்கு. இந்தப் பால் பசையாக இருக்கும்போதே, காய்ந்து போவதற்குள், மேலே சாந்து வைக்கணும். பலபேர் காலையில் பாலை அடித்துவிட்டுச் சாப்பிட்டு வந்து சாந்து வைப்பார்கள். காய்ந்த லேடெக்ஸ் ஒரு பிளாஸ்டிக் தாள் மாதிரி இடையில் நின்றுவிடும், சாந்து அதில் ஒட்டாது. ஒருமுறைக்கு 5 அடி மட்டும் அடித்து, அதை முடித்து நகருங்கள்.

சாந்து 1 சிமென்ட், 3 சலித்த மணல் அல்லது பூச்சுக்கான எம் சாண்ட், ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு 5 லிட்டர் வாக்கில் லேடெக்ஸ், அதைக் கலக்கும் தண்ணீரில் குறைத்துக்கொள்ளணும். கடற்கரை மணல் ஒரு கைப்பிடி கூட வேண்டாம். பள்ளத்தை நிரப்பி, அதன் மேல் தரைக்கும் சுவருக்கும் 2 அங்குலம் வரும்படி உருட்டிப் பூசுங்கள். ஒரு கண்ணாடி பாட்டிலின் வயிற்றால் இழுத்தால் ஒரே வளைவாக வரும். நேர்க்கோணத்தில் விட்டால் கோட்டிங் அந்த மடிப்பில்தான் மெலிந்து கிழியும். 102 அடிக்கு இரண்டு மூட்டை சிமென்ட் தாராளம்.

பொள்ளல் இடங்களில் வட்டம் போட்டதைவிட 2 அங்குலம் தள்ளி, சதுரமாகப் பிளேடால் வெட்டி, உள்ளே இருப்பதைப் பெயர்த்துவிட்டு இதே பாலும் சாந்தும். ஓரம் கால் அங்குலமாவது செங்குத்தாக நிற்கணும். பூச்சைச் சும்மா இழுத்துத் தேய்த்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால் அந்த மெலிந்த ஓரம் முதல் கோடையிலேயே வெந்து உதிரும். தண்ணீர் தேங்குகிற பள்ளத்தை நிரப்பும்போதும் இதே விதி. இரண்டாவது குழாய் வைத்த பிறகும் தேங்குகிற இடத்தை மட்டும் நிரப்புங்கள்.

கைப்பிடிச் சுவரின் தலை தட்டையாக இருக்கிறதா, வெளிப்பக்கம் சரிகிறதா? உள்பக்கம், மாடியை நோக்கிச் சரியும்படி பூசி, வெளியே ஒரு அங்குலம் நீட்டி அடியில் விரல் அகல வரி இழுங்கள். அந்த வரி இல்லாததால்தான் வெளிச்சுவர் எல்லாம் கறுத்த கண்ணீர்க் கோடாக இருக்கும். நம்ம மாவட்டத்தில் மழை இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. எடவப்பாதியில் தென்மேற்கில் இருந்து அடிக்கும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கில் இருந்து. மதுரைப் பக்கத்து அளவுகளை இங்கே நம்பக் கூடாது.

சாந்து வேலை முடிந்து 7 நாள் சாக்கு போட்டு நனையுங்கள். பிறகு குறைந்தது மூன்று வாரம் நன்றாகக் காயவிடணும். இதைப் பொறுக்க மாட்டாமல்தான் கோட்டிங் கொப்பளிக்கிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெயிலில் ஆவியாகி மேலே தள்ளும். காய்ந்ததா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரியும் காலையும் விடுங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் ஒரு வாரம்.

இனி அளவு. கடைக்காரர் சொல்லும் சதுர அடிக் கணக்கை மறந்துவிடுங்கள். ஒரு லிட்டரை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் ஈரப் படலம் சரியாக 1 மில்லிமீட்டர். அதில் பாதிதான் கெட்டிப் பொருள் என்றால் காய்ந்தபின் அரை மில்லிமீட்டர் நிற்கும். உங்களுக்கு மாடி 620, சுவரில் ஒரு அடி உயரம் ஏற்றினால் 102, ஆக 722 சதுர அடி, அதாவது 67 சதுர மீட்டர். மூன்று கோட்டும் சேர்த்து ஈரத்தில் 1.2 மில்லிமீட்டர் வேண்டும் என்றால் 80 லிட்டர். நான்கு 20 லிட்டர் வாளி. "இரண்டு வாளி போதும் சார்" என்று சொல்லி அடித்துவிட்டுப் போகும் வேலை இரண்டு மழைக்காலம் தாண்டாதது இதனால்தான். பிரைமர் இதற்குத் தனி. அக்ரிலிக் சரக்கில் பெரும்பாலும் அதையே தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து முதல் கையாக அடிக்கச் சொல்வார்கள், டப்பாவைப் பாருங்கள். அந்த ஒரு கைக்குத் தவிர மற்றதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காதீர்கள்.

சரியான கனம் வருகிறதா என்று கண்ணால் தெரியாது. தரையில் சாக்பீஸால் 10 அடிக்கு 10 அடி 9 அங்குலம் கட்டம் போடுங்கள். அது 10 சதுர மீட்டர். ஒரு கட்டத்துக்கு 4 லிட்டரை அளந்து ஊற்றி, அது தீரும் வரை அதற்குள்ளேயே உருட்டுங்கள். அதுதான் 0.4 மில்லிமீட்டர். அடுத்த கோட்டைக் குறுக்குவாக்கில் உருட்டணும். முதல் கோட்டில், மூட்டுகளில் மட்டும், ஈரமாக இருக்கும்போதே 8 அங்குல அகலக் கண்ணாடி நார் வலையைப் பதித்து பிரஷால் அமுக்குங்கள். துண்டுக்குத் துண்டு 3 அங்குலம் ஏறணும். வலையின் கீழே காற்று நின்றால் அந்த இடம் வீண்.

கடலுக்கு ஒரு கிலோமீட்டர் என்பதால் ஒன்று கூடுதல். இரவில் உப்பு வந்து தரையில் படியும், கண்ணுக்குத் தெரியாது, நாக்கில் வைத்தால் தெரியும். அடிக்கும் அன்று காலையில் நல்ல தண்ணீரால் கழுவித் தள்ளி, துடைத்து, காயவிட்டு, எட்டரை மணி வாக்கில் தொடங்குங்கள். பதினொன்றுக்கு நிறுத்திவிடுங்கள். மதியத்தில் தரை சுடும்போது அடித்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே பாலாகவே இருக்கும். கழுவாமல் கோட்டுக்கு மேல் கோட்டு அடித்தால் இரண்டு கோட்டுக்கு நடுவில் உப்பு. அந்த இடத்தில்தான் தோல் உரியும்.

கம்பிக்கட்டு:

சிவில் வேலைதான் செய்கிறேன். சன்ஷேடை எப்படிச் சரிசெய்வது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு இந்த வீட்டில் மற்ற இரண்டையும்விட அதுதான் அவசரம்.

துரு, அது உண்டான இரும்பைவிட இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்தத் தள்ளலில்தான் காரை விழுகிறது. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 கடற்கரைச் சூழலைக் கடுமையானது என்று வகைப்படுத்தி, கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கேட்கிறது. 1994-இல் சன்ஷேடுக்கு அரை அங்குலம் விட்டிருந்தாலே அதிகம். தண்ணீர் விஷயமும் உண்டு. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதே விதி. கரையோரக் கிணறுகள் கோடையில் அதைத் தாண்டிவிடும். பேட்ச் வேலைக்கு உங்கள் கிணற்றுத் தண்ணீர் கரித்தால் அதைத் தொடாமல் குடிநீர்க் குழாய்த் தண்ணீரையே பிடித்துக் கலக்கவும்.

ஒன்றை முதலில் சொல்கிறேன். சன்ஷேடு சுவரில் இருந்து நீட்டி நிற்பது. அதைத் தாங்கும் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கிறது, அடியில் தெரிவது அநேகமாகத் துணைக் கம்பி. மேல்பக்கம் சுவர் ஓரத்தில் நீளவாக்கில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உளி வைக்காதீர்கள். அடியில் மரக்கம்பு முட்டுக் கொடுத்து இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அது உடைந்து விழும்போது முன்னறிவிப்பு தராது. கம்பியின் குறுக்குப் பரப்பு கால் பங்குக்கு மேல் தின்னப்பட்டிருந்தாலும் இதே பதில். தேய்த்தபின் வெர்னியரால் அளந்தால் தெரியும். 8 மில்லிமீட்டர் கம்பி 7-க்குக் கீழே வந்தால் பரப்பில் கால் பங்கு போய்விட்டது என்று அர்த்தம்.

மேலே வெடிப்பு இல்லை என்றால் நீங்களே செய்யலாம், முட்டுக் கொடுத்துவிட்டுத்தான். கம்பி தெரியும் இடத்தோடு நிறுத்தாமல், துரு இல்லாத பளிச்சென்ற கம்பி தெரிந்தபிறகும் 2 அங்குலம் கூடுதலாக உடைக்க வேண்டும். கம்பியின் பின்னால் விரல் போகும் அளவு, 20 மில்லிமீட்டர், குடைய வேண்டும். பாதி துருவை உள்ளே விட்டுவிட்டுப் பூசினால் பேட்சைச் சுற்றி ஒரு வளையமாக அடுத்த வருடமே வெடிக்கும். புதுச் சாந்துக்குள் இருக்கும் கம்பி பாதுகாப்பாக இருக்கும், பழைய உப்புக் கான்கிரீட்டுக்குள் இருக்கும் அதே கம்பியின் மிச்சம் அதன் பங்கையும் சேர்த்து அரிபடும். கடற்கரை ஊர்களில் பேட்ச் வேலை தோற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கம்பியை கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி வெள்ளி நிறம் வரும் வரை தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவி, காய்ந்தவுடன் அன்றே துத்தநாகம் கலந்த பிரைமர் இரண்டு கை. ஒரு இரவு விட்டால் நம் காற்றில் மறுபடி செம்மை பூத்துவிடும். பிறகு கான்கிரீட்டின் மேல் லேடெக்ஸ் பால், அது ஈரமாக இருக்கும்போது ரெடிமிக்ஸ் பாலிமர் ரிப்பேர் சாந்து. தலைக்கு மேல் பூசுவதால் ஒரே தடவையில் அரை அங்குலத்துக்கு மேல் வைத்தால் தொங்கி, உள்ளே இடைவெளி விட்டு நிற்கும். வைத்து, கரண்டி நுனியால் கீறிவிட்டு, இறுகியபின் அடுத்த படை. கடைசியில் முன் விளிம்பில் சொட்டு விழும் வரி. முட்டுக் கம்பை ஒரு வாரத்துக்கு எடுக்க வேண்டாம்.

வேணாட்டு வெட்டுகல்:

அக்கா சொன்னதுதான் முதலில். சன்ஷேடை முடித்துவிட்டு மாடிக்கு ஏறுங்கள். சாந்து காயும் மூன்று வாரத்தில் வடக்குச் சுவரைப் பார்க்கலாம்.

2 அடிக்கு மேல் ஏறாத உப்பு என்றால் தரையில் இருந்து ஏறும் ஓதம். தண்ணீர் செங்கல் வழியே ஏறி, வெளியே ஆவியாகும் இடத்தில் உப்பை விட்டுவிட்டுப் போகிறது. உப்பு பெயின்ட்டுக்கு அடியில் பூத்து அதைத் தள்ளுகிறது. புட்டியும் எனாமலும் அடித்தால் தண்ணீர் வெளியேற வழி இல்லாமல் இன்னும் மேலே ஏறி 3 அடியில் பூக்கும். ஒரு ஆளுயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுகிறவர்களும் இதைத்தான் செய்துகொள்கிறார்கள்.

முதலில் வெளிப்பக்கம் பாருங்கள். சுவரை ஒட்டி மண் உயர்ந்து, உள் தரைமட்டத்தைத் தொடுகிறதா? வாழையோ செடிப் பாத்தியோ சுவரோடு ஒட்டி இருக்கிறதா? மண்ணை உள் தரைமட்டத்தைவிட அரை அடியாவது தாழும்படி வெட்டி எடுத்து, 2 அடி அகலத்துக்குச் சுவரில் இருந்து வெளியே சரியும்படி செய்யுங்கள். பாதி வீடுகளில் இதிலேயே பாதி ஓதம் குறையும்.

உள்ளே, உப்புக் கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை, அதாவது 3 அடி உயரத்துக்குப் பூச்சு முழுவதையும் செங்கல் தெரியக் கொத்தி எடுங்கள். கொத்திய காரையை அன்றே வெளியே கொண்டுபோங்கள், அதில்தான் உப்பு இருக்கிறது. செங்கல் இடுக்குச் சாந்தையும் அரை அங்குலம் சுரண்டணும். காய்ந்த பிரஷால் தள்ளுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளேதான் போகும். ஜன்னல் திறந்து இரண்டு மூன்று வாரம் விட்டு, பூக்கும் உப்பை அவ்வப்போது தள்ளி எடுங்கள்.

மறுபூச்சு சிமென்ட்டில் வேண்டாம். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, ஒரு படை அரை அங்குலத்துக்குள், இரண்டு படை. சிப்பிச் சுண்ணாம்பு கிடைத்தால் நல்லது. நீற்றியது குறைந்தது ஒரு வாரம் தண்ணீருக்கு அடியில் இருக்கட்டும். நீறாத துகள் சுவரில் போனபின் நீறினால் அந்த இடம் பொரிந்து தெறிக்கும். கண்ணில் பட்டால் ஆபத்து, கண்ணாடி இல்லாமல் கிளறக் கூடாது. சுண்ணாம்புப் பூச்சு மெதுவாகத்தான் இறுகும், ஒரு வாரம் லேசாகத் தண்ணீர் தெளித்து வைக்கணும். மேலே வெள்ளை அடிக்க சுண்ணாம்பையே அடியுங்கள். ஓதம் முழுதும் நிற்காது, ஆனால் சுவர் மூச்சு விடும், செதில் உரியாது. கீழிருந்தே தடுக்க வேண்டுமானால் சுவரில் வரிசையாகத் துளையிட்டு மருந்து செலுத்தும் முறை இருக்கிறது. அதைச் செய்து பழகியவர்களிடம் விடுங்கள்.

தோவாளைக் காற்று:

ஷீட் பற்றிக் கேட்டதற்கு. ஷீட் போட்டால் மாடி ஒழுக்கு நிற்கும், வெயிலும் குறையும், உண்மை. ஆனால் மூட்டைச் சரிசெய்யாமல் ஷீட் போட்டால் பக்கவாட்டுச் சாரல் அதே வழியாகத்தான் இறங்கும்.

இங்கே ஷீட்டின் பெரிய பிரச்சினை மழை இல்லை, காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலை நிற்பது சும்மா இல்லை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வந்தபோது கரையோரத்தில் ஷீட் கூரைகள் எப்படிப் போயின என்று உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். காற்று ஷீட்டை அமுக்குவதைவிட மேலே இழுக்கும். அதனால் கேள்வி, தூண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதல்ல. எவ்வளவு இழுவைக்கு நிற்கும் என்பதே. தூணின் அடியில் உள்ள தகட்டை நாலரை அங்குலத் தட்டில் நாலு ஆங்கர் போல்ட்டில் மாட்டினால் பிடிப்பு போதாது, தட்டில் புதுசாக ஒழுக்குத் துளையும் விழும். கீழே தூணோ பீமோ வரும் இடத்தில் மட்டும் நிறுத்த வேண்டும். கைப்பிடிச் சுவரில் ஒருபோதும் பிடிக்கக் கூடாது. அது 4 அங்குலச் செங்கல், தன்னைத்தானே தாங்கவே கட்டியது.

கடற்கரை என்பதால் திருகுத் தலைதான் முதலில் துருப் பிடிக்கும். ரப்பர் வாஷர் வெயிலில் வெடித்ததும் தண்ணீர் உள்ளே இறங்கும். ஈ.பி.டி.எம். (வெயில் தாங்கும் செயற்கை ரப்பர்) வாஷர் உள்ள திருகையே கேளுங்கள், அளவோடு இறுக்குங்கள். வாஷர் பிதுங்கி வெளியே வந்தால் இறுக்கம் கூடிவிட்டது. ஓரத்திலும் மூலையிலும் திருகு நெருக்கமாக வேண்டும், காற்று அங்கேதான் முதலில் பிடித்து உரிக்கும்.

என் கருத்து, இந்த வருடம் மாடியை மட்டும் சரிசெய்யுங்கள். ஷீட் வேண்டுமானால் தூண் வைக்கும் இடத்தை இன்ஜினியர் குறித்துத் தந்தபின் வருகிற தை, மாசியில் பார்க்கலாம்.

கரைமடி:

எல்லோருக்கும் நன்றி. சன்ஷேடு மேல்பக்கம் வெடிப்பு இல்லை அக்கா, முட்டுக் கொடுத்தாகிவிட்டது. ஒரே சந்தேகம். மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் நேராகத் தரையிலேயே உட்கார்ந்திருக்கிறது, வடக்குச் சுவரை ஒட்டி. அதன் அடியைச் சுற்றி அடித்துவிட்டு விடலாமா?

ரசமட்டம்:

கூடாது தம்பி. மூட்டில் வேலை செய்யவே அந்த இடம் வேணும். டேங்கின் அடியில் எப்பவும் ஈரம், பாசி. சுத்தி அடிச்ச கோட்டிங் அந்த ஓரத்தில் இருந்துதான் தூக்கும். நிறைந்தால் ஆயிரம் கிலோ, காலியானால் இரண்டு பேர் தூக்கிடலாம். வால்வை மூடி, தண்ணீரைப் பயன்படுத்தித் தீர்த்து, யூனியனைக் கழற்றி, வேலை முடியும் வரைக்கும் கீழே தரையில் வையுங்க. அதுவரைக்கும் புழங்க ஒரு டிரம் போதும்.

திரும்ப வைக்கும்போது சுவரில் இருந்து 2 அடி தள்ளி, கீழே ஓடுற சுவருக்கு நேர் மேலே வையுங்க. கோட்டிங் கடைசிக் கை முடிந்து ஒரு வாரம் கழிச்சு, கோட்டிங் மேல் தடிச்ச ரப்பர் ஷீட் விரிச்சு, அதன் மேல் இரண்டு வரிசை சாலிட் பிளாக், மேலே முழு அடிப்பக்கமும் படிகிற மாதிரி கடப்பாக்கல் பலகை. பிளாஸ்டிக் டேங்க் இடைவெளி மேல் உட்கார்ந்தால் அடி தொங்கி வெடிக்கும். பிளாக் வரிசையை வாட்டத்துக்குக் குறுக்கே வைக்காதீங்க, தண்ணீர் ஓட்டத்துக்கு நேரா வையுங்க. ஓவர்ஃப்ளோ குழாயை மாடியில் விடாமல் புது 4 அங்குலக் குழாயின் வாய் வரைக்கும் நீட்டிடுங்க.